டிஸ்க்கையும் மாற்ற வேண்டுமா?

பள்ளி விடுமுறை தொடங்க ஒரு வாரமே இருந்தது. அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கேமரன் மலைக்குப் போய் வருவதாகத் திட்டம். ஈப்போவிலிருந்து தெற்கே சிம்பாங் பூலாய் வரை சென்று, அங்கிருந்து மலைச்சாலையில் ஏறினால் கம்போங் ராஜா வந்துவிடும். ஏறுவதில் எனக்குக் கவலையில்லை. இறங்குவதை நினைத்தால்தான் நெஞ்சு படபடத்தது. அந்த வாரம் முழுவதும் என் மகிழுந்தின் முன்சக்கரங்களில் ஒன்று, ஒவ்வொரு சாலை விளக்கிலும் ‘கீச்’ என்று கத்திக்கொண்டிருந்தது. வேகமாகப் போய்ப் பிரேக்கை மிதித்தால், மிதி என் பாதத்தின் கீழ் மெல்லத் துடித்தது. ஸ்டியரிங்கும் கையில் நடுங்கியது.

நகரத்தில் ஒரு பட்டறைக்குச் சென்றேன். சக்கரத்தைக் கழற்றாமலேயே, கம்பிகளுக்கு இடையே கைவிளக்கைக் காட்டிப் பார்த்தார் அங்கிருந்தவர். “பேட் முடிந்துவிட்டது. பேட் மாற்றினால் டிஸ்க்கையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். இரண்டும் புதிது போடுங்கள்,” என்றார். டிஸ்க்குக்கு மட்டும் இருநூறு ரிங்கிட்டுக்கு மேல் ஆகும் என்று ஒரு தொகையையும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னேன். அண்ணன் சிரித்தார். “அதெல்லாம் பணம் பிடுங்கும் வேலை. டிஸ்க் இரும்பு. அது எங்கே தேயப்போகிறது? பேட்டை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பு. நான் பதினைந்து ஆண்டுகளாக அப்படித்தான் ஓட்டுகிறேன்,” என்றார்.

ஒருவர் மாற்றியே ஆக வேண்டும் என்கிறார். மற்றவர் மாற்றவே வேண்டாம் என்கிறார். இருவருமே உறுதியாகப் பேசினார்கள். யார் சொல்வதைக் கேட்பது? கடைசியில் புந்தோங்கில் இருக்கும் என் மாமாவிடம் காரைக் கொண்டுபோனேன். பத்தாம் வகுப்பு வயதுள்ள என் மகனும் கூட வந்தான். அவன் படிவம் நான்கில் இயற்பியல் படிக்கிறான்.

மாமா இப்போது ஓய்வு பெற்றவர். பட்டறையில் வேலை செய்பவரை நம் நாட்டில் ‘போமென்’ என்று சொல்கிறோம் அல்லவா? மாமா அந்தக் காலத்துப் போமென். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், பால் ஏற்றிச் செல்லும் லாரிகளைப் பழுது பார்த்தவர் அவருடைய அப்பா. லயத்து வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வந்த நேரம் போக, மற்ற நேரமெல்லாம் மாமா அந்த லாரிக் கொட்டகையில்தான் இருந்தாராம். அந்த லாரிகளுக்கு டிஸ்க் இல்லை. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். ஓடையில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து பிரேக் பிடிக்காது. மேட்டில் ஏறியதும் பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டே சிறிது தூரம் ஓட்டி, அந்தச் சூட்டில் அதை உலர்த்துவார்களாம். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்தில் இருந்தவர்கள் பலர் நகரத்துக்கு வந்தார்கள். மாமாவும் கைப்பெட்டியோடு புந்தோங்குக்கு வந்தார்.

விவரத்தைச் சொன்னேன். மாமா கேட்ட முதல் கேள்வி இதுதான்: “அவர் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று சொன்னார்?”

“அளக்கவில்லை, மாமா.”

“உன் அண்ணன்?”

“அவர் காரையே பார்க்கவில்லை.”

“அப்படியானால் இரண்டு பேருமே இன்னும் பதில் சொல்லவில்லையம்மா,” என்றார் மாமா. காரை ஜாக்கியில் தூக்கி, தாங்கியை நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றத் தொடங்கினார்.

தோசைக்கல்லும் டிஸ்க்கும்

சக்கரத்தை எடுத்ததும் உள்ளே பளபளவென்று ஒரு வட்டத் தட்டு தெரிந்தது. அதுதான் டிஸ்க். சிலர் ரோட்டர் என்பார்கள். அது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். அதன் ஓரத்தைக் கவ்விப் பிடித்தாற்போல் இருப்பது காலிப்பர். காலிப்பருக்குள், டிஸ்க்கின் இரு பக்கமும் ஒவ்வொரு பேட் இருக்கும். நாம் மிதியை அழுத்தினால், குழாயில் உள்ள பிரேக் எண்ணெய் அந்த அழுத்தத்தைக் காலிப்பரில் இருக்கும் பிஸ்டனுக்குக் கடத்துகிறது. அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கல் கோட்பாட்டை நீங்கள் படித்திருப்பீர்கள்; அது இங்கே வேலை செய்கிறது. பிஸ்டன் பேட்டைத் தள்ள, இரண்டு பேட்டுகளும் டிஸ்க்கை இறுக்குகின்றன. உராய்வினால் வண்டி நிற்கிறது.

வண்டியின் இயக்க ஆற்றல் எங்கே போயிற்று? வெப்பமாக மாறிவிட்டது. அந்த வெப்பத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது டிஸ்க். அதனால்தான் அதன் தடிப்பு முக்கியம்.

மாமா இதை விளக்க என் பாட்டியின் தோசைக்கல்லை எடுத்துக்காட்டாகச் சொன்னார். கனமான வார்ப்பிரும்புக் கல் மெதுவாகச் சூடேறும். மாவை ஊற்றினாலும் சட்டென்று நிலை மாறாது. மெல்லிய தகட்டுக்கல்லோ நொடியில் கொதிக்கும், தோசை கருகும். டிஸ்க்கும் பெரும்பாலும் வார்ப்பிரும்புதான். தேய்ந்து மெலிந்த டிஸ்க், அதே வெப்பத்தை வாங்கும்போது தடித்த டிஸ்க்கைவிட அதிகமாகச் சூடேறும். பல கார்களின் முன் டிஸ்க், இரண்டு தட்டுகளை இடைவெளி விட்டுச் சேர்த்தது போல் இருக்கும். நடுவில் உள்ள தடுப்புகளின் வழியே காற்று புகுந்து சூட்டை வெளியேற்றும். அத்தகைய டிஸ்க்கில் ஒவ்வொரு தட்டும் சில மில்லிமீட்டர் தடிப்புதான். அதிகமாகத் தேய்ந்தால் விரிசல் விட இடமுண்டு. டிஸ்க்கும் பேட்டும் ஒன்றாக மெலிந்துவிட்டால், பிஸ்டன் தன் குழியிலிருந்து வழக்கத்தைவிட வெளியே நீண்டு வரவேண்டியிருக்கும். அதுவும் நல்லதன்று.

இப்போது கேமரன் மலைக்கு வருவோம். என் மகன் ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் கணக்குப் போட்டான். ஆட்களோடு சேர்த்துக் காரின் நிறை 1,200 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 25 மீட்டர். அந்த வேகத்தில் இயக்க ஆற்றல் 375,000 ஜூல். நெடுஞ்சாலையில் ஒருமுறை முழுவதுமாகப் பிரேக் போட்டு நின்றால் இவ்வளவு ஆற்றல் வெப்பமாகிறது. மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும்போது உயரம் ஏறத்தாழ 1,300 மீட்டர் குறைகிறது. அதற்குரிய நிலை ஆற்றல் ஏறத்தாழ 15.3 மில்லியன் ஜூல். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் நாற்பதுக்குச் சற்று மேல் வருகிறது.

அதாவது, மலையிலிருந்து இறங்குவது, 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நாற்பது முறை பிரேக் போட்டு நிற்பதற்குச் சமம். இவ்வளவையும் பிரேக்கே தாங்குவதில்லை. காற்றின் தடையும் இயந்திரத்தின் இழுவையும் ஒரு பங்கை ஏற்கின்றன. குறைந்த கியரில் இறங்கினால் இயந்திரம் ஏற்கும் பங்கு கூடும். மலைச்சாலைகளில் ‘குனா கியர் ரெண்டா’ என்று எழுதி வைத்திருப்பது இதற்காகத்தான். காரை டி கியரிலேயே விட்டுவிட்டு, காலை மிதியிலிருந்து எடுக்காமல் இறங்குபவர் அந்த 15 மில்லியன் ஜூலில் பெரும்பகுதியை இரண்டு முன் டிஸ்க்குகளின் தலையில் கட்டுகிறார். டிஸ்க் சில நூறு பாகை செல்சியஸ் வரை சூடேறலாம். சூடு அளவு கடந்தால் பேட்டின் உராய்வு குறையும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும்.

பிரேக் எண்ணெயும் இதில் மாட்டிக்கொள்ளும். பெயர் எண்ணெய் என்றாலும், பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் வகைத் திரவம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்தில் புதிய திரவம் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் கலந்த பிறகு அந்த அளவு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்த முடியும். ஆகவே மிதி பஞ்சுபோல் உள்ளே இறங்கும். நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை மாற்றுவது நல்ல பழக்கம்.

“இதற்குள் சாதாரண எண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும், தாத்தா?” என்று மகன் கேட்டான்.

“ரப்பர் ஊதிப்போகும்,” என்றார் மாமா. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு. எண்ணெய் கசியாமல் காப்பது அதன் ஒரு வேலை. மிதியை விட்டதும் முறுக்கு அவிழ்ந்து பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுப்பது மற்றொரு வேலை. முன்பெல்லாம் அந்த வளையங்கள் இயற்கை ரப்பரில் செய்யப்பட்டன. இன்று பெரும்பாலும் செயற்கை ரப்பர். 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் சர் ஹியூ லோ நட்ட ரப்பர்க் கன்றுகளைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். பேராவின் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் மரம் சீவி எடுத்த பால், எங்கெங்கோ ஓடிய வண்டிகளின் டயரில் மட்டுமல்லாமல், கண்ணுக்குத் தெரியாத இப்படிப்பட்ட வளையங்களிலும் இருந்திருக்கும். மாமா இதைச் சொல்லும்போது கையிலிருந்த துணியால் காலிப்பரை இருமுறை கூடுதலாகத் துடைத்தார்.

அளந்தபோது தெரிந்தது

முதலில் பேட்டுகளைக் கழற்றினார். புதிய பேட்டில் உராயும் பகுதி பொதுவாகப் பத்து மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். மூன்று மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும் என்பது பல பட்டறைகளின் கணக்கு. வலப் பக்கத்துப் பேட்டுகள் இரண்டும் நான்கு மில்லிமீட்டர் அளவில் ஒன்றுபோல் தேய்ந்திருந்தன. இடப் பக்கத்தில்தான் வேடிக்கை. வெளிப் பக்கத்துப் பேட்டில் ஆறு மில்லிமீட்டர் மிச்சம். உள் பக்கத்துப் பேட்டில் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தப் பேட்டில் பொருத்தியிருந்த சிறு தகடு டிஸ்க்கை உரசியதுதான் நான் ஒரு வாரமாகக் கேட்ட ‘கீச்’. அது பழுதன்று, எச்சரிக்கை மணி. பேட் தேய்ந்ததும் கத்தும்படியே அதைச் செய்கிறார்கள்.

ஒரே காலிப்பரில் ஒரு பேட் தேய்ந்து மற்றது தேயாமல் இருப்பது ஏன்? என் காரில் உள்ள காலிப்பரில் பிஸ்டன் உள் பக்கம் மட்டுமே இருக்கிறது. அது உள் பேட்டைத் தள்ளியதும், காலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் நகர்ந்து வெளிப் பேட்டை இழுத்து அழுத்த வேண்டும். இடப் பக்கத்தில் ஒரு பின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. காலிப்பர் நகரவில்லை. ஆகவே உள் பேட்டே எல்லா வேலையையும் செய்து தேய்ந்துபோனது.

இதைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. பட்டறைக்காரர் சொன்னபடி எல்லாவற்றையும் புதிதாக மாற்றியிருந்தாலும், அந்தப் பின்னைக் கவனிக்காமல் விட்டிருந்தால், புதிய பேட்டும் புதிய டிஸ்க்கும் இதே வழியில்தான் போயிருக்கும்.

அடுத்து டிஸ்க். அதன் விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார் மாமா. ஓரத்தில் வரப்பு போல ஒரு மேடு இருந்தது. பேட் தொடாத இடம் அது. தேயாமல், துருவோடு நிற்கிறது. மகன் தன் பள்ளிப் பையிலிருந்து வெர்னியர் அளவியை எடுத்து டிஸ்க்கின் ஓரத்தில் வைத்தான். “22.1 மில்லிமீட்டர்!” என்றான்.

“வரப்பை அளந்துவிட்டு வயலை அளந்ததாகச் சொல்லாதே, தம்பி,” என்றார் மாமா. வெர்னியர் அளவியின் தாடைகள் இரு பக்கமும் அந்த மேட்டின் மேல் உட்கார்ந்துவிடுகின்றன. பேட் உரசும் இடம் அதைவிட மெலிந்திருக்கும். மாமா பெட்டியிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தார். நூல்களில் திருகு அளவி என்று சொல்வது அதைத்தான். அது மேட்டைத் தாண்டி உள்ளே சென்று, மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு வரை காட்டும்.

அளப்பதற்கு முன், டிஸ்க்கின் நடுப்பகுதியில் இருந்த துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். பொறித்த எழுத்துகள் தெரிந்தன. குறைந்த அளவுத் தடிப்பு 20 மில்லிமீட்டர் என்பது அதன் பொருள். இந்த எண் ஒவ்வொரு காருக்கும் வேறுபடும். டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள், இல்லையென்றால் அந்தக் காரின் பழுதுபார்ப்பு நூலில் இருக்கும். என் காரின் டிஸ்க் புதிதாக இருந்தபோது 22 மில்லிமீட்டர். ஆக, முழு வாழ்நாளிலும் அது தேய்வதற்கு விட்டிருக்கும் இடம் இரண்டே மில்லிமீட்டர்.

மகனை அளக்கச் சொன்னார். ஓரிடத்தில் அல்ல, வட்டத்தைச் சுற்றி எட்டு இடங்களில், ஒவ்வொன்றும் விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உள்ளே. அவன் படித்த எண்களை நான் எழுதினேன். வலப் பக்கம் 20.91க்கும் 20.93க்கும் இடையில் இருந்தது. இடப் பக்கம் ஓரிடத்தில் 20.41, அதற்கு நேரெதிரில் 20.38, மற்ற இடங்கள் இவற்றுக்கு நடுவில்.

மகன் சற்று ஏமாற்றத்தோடு, “இரண்டுமே 20க்கு மேல்தானே இருக்கின்றன, தாத்தா? அப்படியானால் பெரியமாமா சொன்னது சரிதான். மாற்ற வேண்டியதில்லை,” என்றான்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளூர மகிழ்ச்சிகூட. இருநூறு ரிங்கிட் மிச்சம்.

மாமா உடனே பதில் சொல்லவில்லை. இடப் பக்கத்து எண்கள் இரண்டின் கீழும் கோடு போட்டார். 20.41, 20.38. வித்தியாசம் 0.03 மில்லிமீட்டர். நாம் எழுதும் தாள் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால், சக்கரம் ஒருமுறை சுற்றும்போதெல்லாம் பேட்டுகள் அந்த மேடு பள்ளத்தில் ஏறி இறங்குகின்றன. பிஸ்டன் முன்னும் பின்னும் அசைகிறது. அந்த அசைவு திரவத்தின் வழியே மிதிக்கு வந்து பாதத்தைத் தட்டுகிறது. நான் உணர்ந்த துடிப்பு இதுதான்.

இத்தகைய துடிப்பு வந்தால், “சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது” என்று சொல்வது வழக்கம். உண்மையில் பல வேளைகளில் டிஸ்க் வளைவதில்லை, சமமின்றித் தேய்கிறது. அது தொடங்குவது டிஸ்க்கைப் பொருத்தும் நாளிலேயே. டிஸ்க் உட்காரும் இடத்தில் துரு இருந்தாலோ, சக்கர நட்டுகளை ஒழுங்கின்றி இறுக்கினாலோ, டிஸ்க் மிகச் சிறிதளவு கோணலாக அமர்ந்துவிடும். சுழலும்போது அதன் ஒரு பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேட்டை லேசாக உரசிச் செல்லும். பிரேக் போடாதபோதுகூட அந்த இடம் தேய்ந்துகொண்டே இருக்கும். பல ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகுதான் நடுக்கம் தெரியும். அப்போது குற்றம் சாட்டப்படுவது சூடு.

“இதைக் கடைந்து சமப்படுத்த முடியாதா?” என்று கேட்டேன். பட்டறைகளில் ‘ஸ்கிம்’ பண்ணுவது என்பார்களே, அது. முடியும், ஆனால் கடைந்த பிறகும் குறைந்த அளவுக்கு மேல் இருக்க வேண்டும். இடப் பக்கத்து டிஸ்க்கின் உள் முகத்தில் இசைத்தட்டைப் போலக் கோடுகள் விழுந்திருந்தன. விரல் நகத்தை வைத்து இழுத்தால் தட்டித் தட்டி நின்றது. மைக்ரோமீட்டரின் தட்டையான முனை அந்தக் கோடுகளின் மேட்டில்தான் அமர்கிறது. பள்ளத்தில் உண்மைத் தடிப்பு இன்னும் குறைவு. கோடுகள் மறையும் வரை இரு முகங்களையும் கடைந்தால் 20க்குக் கீழே போய்விடும். கடைசல் வழி அடைபட்டது.

நாளைக்கு அல்ல, அடுத்த பேட் வரைக்கும்

பிறகு மாமா கேட்ட கேள்விதான் முடிவைத் தீர்மானித்தது. “இந்த டிஸ்க் இதுவரை எத்தனை ஜோடிப் பேட் தின்றிருக்கிறது?”

பழைய பற்றுச்சீட்டுகளை நான் தூக்கிப்போடுவதில்லை. கார் வாங்கி பன்னிரண்டு ஆண்டுகள். ஒருமுறை பேட் மாற்றியிருக்கிறேன், டிஸ்க் மாற்றவேயில்லை. ஆகவே இப்போது கழற்றியது இரண்டாவது ஜோடி.

“கழித்துப் பார், தம்பி.”

வலப் பக்கம்: 22இலிருந்து 20.92. தேய்மானம் 1.08 மில்லிமீட்டர். இரண்டு ஜோடிக்கு அவ்வளவு என்றால், ஒரு ஜோடிக்கு 0.54. இப்போது போடும் மூன்றாவது ஜோடி முடியும்போது 20.38இல் நிற்கும். தாங்கும்.

இடப் பக்கம்: 22இலிருந்து 20.38. தேய்மானம் 1.62, ஒரு ஜோடிக்கு 0.81. மூன்றாவது ஜோடி முடியும்போது 19.57. தாங்காது. அந்தப் பேட்டுகள் பாதி தேயும்போதே டிஸ்க் எல்லையை ஒட்டி வந்துவிடும். அப்போது யார் சக்கரத்தைக் கழற்றி அளக்கப்போகிறார்கள்? பேட் இன்னும் இருக்கிறதே என்று ஓட்டிக்கொண்டே இருப்போம்.

டிஸ்க் இன்று எல்லைக்கு மேல் இருக்கிறதா என்பது மட்டும் கேள்வியன்று. இன்று போடும் பேட் தேய்ந்து முடியும் நாள் வரை அது எல்லைக்கு மேல் இருக்குமா என்பதுதான் கேள்வி. என் அண்ணன் காரில் டிஸ்க் பதினைந்து ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்கலாம். அவர் சமவெளியில், நிதானமாக ஓட்டுபவர். அது அவருடைய டிஸ்க்கைப் பற்றிய செய்தி. என்னுடையதைப் பற்றியதல்ல.

“சரி மாமா, இடப் பக்கத்தை மட்டும் மாற்றலாமே. வலப் பக்கம்தான் நன்றாக இருக்கிறதே,” என்றேன். செலவு பாதியாகும் என்ற நப்பாசை.

மாமா மறுத்தார். ஒரே அச்சின் இரு பக்கமும் பேட்டையும் டிஸ்க்கையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் 22 மில்லிமீட்டர் புதிய முகம், மறு பக்கம் 20.9 மில்லிமீட்டர் பழைய முகம் என்றால், இரண்டும் ஒரே மாதிரி சூடேறா. ஒரே மாதிரி பிடிக்கா. நேர்ச்சாலையில் மெதுவாகப் போகும்போது தெரியாமல் இருக்கலாம். மழையில், மலைவளைவில், அவசரமாக மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கக்கூடும். இருநூறு ரிங்கிட் என் பையிலிருந்து போனது. வருத்தம் இருந்தது, சந்தேகம் இல்லை. பின்சக்கரங்களில் டிரம் பிரேக். அவற்றையும் திறந்து பார்த்தார். நன்றாக இருந்ததால் தூசியை மட்டும் ஈரத்துணியால் துடைத்து மூடினார். பிரேக் தூசியைக் காற்றால் ஊதக் கூடாது என்பதில் மாமா கண்டிப்பானவர். முற்காலத்தில் பிரேக் பொருள்களில் கல்நார் கலந்திருந்தது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலைக் கெடுப்பவை. இன்றைய பேட்டுகளில் பெரும்பாலும் கல்நார் இல்லையென்றாலும், எந்தத் தூசியும் மூச்சுக்கு நல்லதில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் தம்முடைய காரையும் கொண்டுவந்து நிறுத்தினார். அவரிடமும் ஒரு பட்டறையில் பேட்டோடு டிஸ்க்கையும் மாற்றச் சொல்லியிருந்தார்களாம். அளந்தோம். புதிதில் 22, இப்போது எங்கும் 21.5க்குக் குறையவில்லை, எட்டு இடங்களிலும் வித்தியாசம் 0.01க்குள். முகம் வழவழப்பாக இருந்தது. விரிசல் இல்லை, அதிகச் சூட்டில் தோன்றும் நீலத் திட்டுகளும் இல்லை. மேலே செம்பழுப்பாக ஒரு பூச்சு மட்டும். முந்தைய இரவு மழை. வார்ப்பிரும்பு ஒரே இரவில் அப்படித் துருவேறும், நான்கைந்து முறை பிரேக் போட்டால் போய்விடும். அவருக்குப் பேட் மட்டும் போதும் என்றார் மாமா. அன்று ஒரே முற்றத்தில் இரண்டு கார்கள், இரண்டு வெவ்வேறு பதில்கள்.

எல்லாப் பட்டறைகளும் ஏமாற்றுகின்றன என்று இதைக் கேட்டு முடிவு கட்டிவிட வேண்டாம். மாமாவே பட்டறைக்காரர்களுக்காகப் பரிந்து பேசினார். பல சிறிய கார்களுக்கு டிஸ்க்கின் விலை குறைந்துவிட்டது. கழற்றி, கடைசல் எந்திரத்தில் ஏற்றி, மீண்டும் பொருத்தும் வேலை நேரத்துக்கான கூலியோ ஏறிவிட்டது. கடைவதைவிடப் புதிதாக மாற்றுவதே சில வேளைகளில் மலிவு. மேலும், பழைய டிஸ்க்கில் புதிய பேட்டைப் போட்டுச் சத்தம் வந்தால் வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடுகிறார். ஆகவே மாற்றச் சொல்வதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் எண்ணைச் சொல்லிவிட்டு மாற்றச் சொல்லட்டும். “எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது? எல்லை எத்தனை?” என்று கேட்பதற்கு நாம் பொறியியலாளராக இருக்க வேண்டியதில்லை. கேட்டால் நல்ல போமென் கோபப்பட மாட்டார், அளந்து காட்டுவார்.

மறுநாள் காலை புதிய டிஸ்க்குகள் வந்தன. பொருத்துவதில் மாமா செலவிட்ட நேரத்தில் பாதி, துடைப்பதிலேயே போயிற்று. டிஸ்க் அமரும் இடத்திலிருந்த துருவை உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்தார். புதிய டிஸ்க் துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் எண்ணெய் பூசி அனுப்புவார்கள். அதைத் துப்புரவுத் திரவத்தால் கழுவினார். கழுவாவிட்டால் பேட் எண்ணெயைக் குடித்துக் கெட்டுவிடும். இறுகிய ஸ்லைடு பின்னை மாற்றி, அதற்குரிய மசகை இட்டார். பிரேக் திரவத்தையும் மாற்றினார். சக்கர நட்டுகளை வரிசையாக இறுக்காமல், எதிரெதிராக, படிப்படியாக இறுக்கினார். துப்பாக்கி போன்ற காற்றுக் கருவியால் ஒரே மூச்சில் இறுக்குவது அவருக்குப் பிடிக்காது.

பிறகு ஆள்நடமாட்டம் இல்லாத சாலையில் என்னை ஓட்டச் சொன்னார். மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 20 வரை, திடுமென்று அல்லாமல் சீராகக் குறைத்து, சிறிது தூரம் விட்டு மீண்டும் அதையே செய்ய வேண்டும். இப்படி ஏழெட்டு முறை. பேட்டின் மெல்லிய படலம் ஒன்று டிஸ்க்கின்மேல் சமமாகப் படிவதற்காக இது. சூடாக இருக்கும்போது மிதியை அழுத்தியபடி ஓரிடத்தில் நிற்கக் கூடாது. அந்த இடத்தில் மட்டும் பேட்டின் பொருள் ஒட்டிக்கொண்டு மறுபடியும் துடிப்பு தொடங்கும். பேட் தயாரித்தவர் தரும் குறிப்பில் வேறு முறை இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். மிதியில் துடிப்பு இல்லை. ஸ்டியரிங் அசையவில்லை.

கேமரனிலிருந்து இரண்டாவது கியரிலும் மூன்றாவது கியரிலுமாக இறங்கினேன். பின்னால் வந்த இருவர் ஹாரன் அடித்து முந்திப்போனார்கள். சிம்பாங் பூலாய் வந்ததும் சாலையோரத்தில் நிறுத்தி, இரு முன்சக்கரங்களின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பார்த்தான் மகன், தொடவில்லை. இரு பக்கமும் ஒரே அளவு சூடு. ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்திருந்தால் அந்தக் காலிப்பர் இறுகியிருக்கிறது என்று பொருள்.

காரின் பராமரிப்புப் புத்தகத்தில் இப்போது ஒரு புதிய வரி இருக்கிறது. தேதி, காரோட்டிய தூரம், அதன் அருகே மகனின் கையெழுத்தில்: ‘முன் டிஸ்க், இடம் 22.01, வலம் 22.00. எல்லை 20.’ அடுத்த முறை பேட் மாற்றும்போது கழித்துப் பார்ப்பதற்கு.